47-ஆம் பொட்டலம்

என் அலமாரியில் 47 என்று எண் போட்ட ஒரு காகிதப் பொட்டலம் இருக்கிறது. உள்ளே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மரப்பட்டைத் துண்டு. அதன்மேல் சாம்பல் கலந்த வெள்ளையில் மெல்லிய ஓடு படிந்திருக்கும். ஓட்டின்மேல் யாரோ கறுப்பு மையால் அவசரமாகக் கிறுக்கியது போலக் கோடுகள். சில நேராகப் போகும், சில வளையும், சில நடுவில் இரண்டாகப் பிரியும். பொட்டலத்தின் முகப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து சீட்டுகள் ஒட்டியிருக்கின்றன. ஐந்தும் என் கையெழுத்துதான். அடுத்தடுத்து வேறு வேறு விடை.

வெப்பமண்டலத் தீவு ஒன்றின் கரையோரக் காட்டில் நான் முதன்முதலாகச் சேகரித்த லைக்கன்களில் அதுவும் ஒன்று. இந்தத் துறையில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த முதல் சீட்டுக்கும் ஐந்தாம் சீட்டுக்கும் இடையில் கற்றதுதான். அதனால் அதன் கதையோடு சேர்த்தே மற்றதையும் சொல்கிறேன்.

லைக்கன் தனி ஒரு உயிர் அல்ல என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். ஒரு பூஞ்சையும், ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாசியோ சயனோபாக்டீரியாவோ சேர்ந்து கட்டிய உடல் அது. சைமன் ஷ்வெண்டனர் 1867-இல் இந்தக் கருத்தைச் சொன்னபோது அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்கவே மறுத்தார்கள். இனங்காண வருகிறவர் இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு: நாம் லைக்கனுக்கு வைக்கும் பெயர் உண்மையில் பூஞ்சையின் பெயர். பாசிக்குத் தனிப் பெயர் உண்டு. ஒரே பாசி பல லைக்கன்களுக்குள் வாழும்.

உலகில் ஏறத்தாழ 20,000 லைக்கன் சிற்றினங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன. தீவுகளில் நமக்குத் தெரியாதவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்று கேட்டால், எங்குமே ஒளியவில்லை, கண்ணெதிரேதான் இருக்கின்றன. பழைய காலத்துச் சேகரிப்பாளர்கள் கப்பலில் வந்து இறங்கி, தாடி போலத் தொங்குவதையும் இலை போல விரிந்திருப்பதையும் எடுத்துப் போனார்கள். பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் கிரஸ்டோஸ் வகைகளை எடுக்க வேண்டுமென்றால் பட்டையையே செதுக்க வேண்டும். எடுத்தாலும் மைக்ரோஸ்கோப் இல்லாமல் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் விட்டுவிட்டார்கள். ஆனால் வெப்பமண்டலத்தில் வகை அதிகம் இருப்பதே அந்த ஓட்டு வகைகளில்தான். வழவழப்பான பட்டையுள்ள ஒரே ஒரு மரத்தின் முன் கைலென்ஸோடு ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், வெள்ளைத் திட்டுகள் என்று நினைத்தவை ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும்.

எங்கே தேடுவது என்பதற்கு என் அனுபவத்தில் ஒரு வரிசை உண்டு. முதலில் கரையோரத் தென்னையும் அலையாத்தி மரங்களும். உப்புக் காற்று அடிக்கும் வறண்ட பக்கத்தில் ரோசெல்லாவும் ராமலினாவும் தொங்கும். அப்புறம் தாழ்காட்டின் நிழல். அங்கே மரப்பட்டையை மட்டும் பார்த்துவிட்டு நகரக் கூடாது. உயிருள்ள இலைகளின் மேல்புறத்திலேயே சின்னச் சின்ன வட்டங்களாக ஸ்டிரிகுலா, போரினா போன்றவை வளரும். இலை விழுவதற்குள் வளர்ந்து கனிந்து பரவ வேண்டிய அவசரம் அவற்றுக்கு. மலை முகட்டில் மேகம் தங்கும் இடத்துக்குப் போனால் லெப்டோஜியம், ஸ்டிக்டா, கோரா என்று வேறு உலகம். தீவில் இந்த மாற்றங்கள் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் என்பதுதான் அதன் வசதி. காற்று மழையைக் கொண்டுவரும் பக்கத்தில் ஒரு நாள், மழை மறைவுப் பக்கத்தில் ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டாலே இரண்டு வெவ்வேறு பட்டியல்கள் கிடைக்கும். புயலுக்கு மறுநாள் காட்டுக்குள் போக முடிந்தால் தவறவிடாதீர்கள். உச்சிக்கிளைகள் தரையில் கிடக்கும். ஏறிப் பார்க்க முடியாத உயரத்து லைக்கன்கள் அன்றைக்குக் கைக்கெட்டும்.

போகும் முன் அனுமதி. இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். சேகரிக்க ஓர் அனுமதி, மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்ப வேறோர் அனுமதி என்று பல இடங்களில் தனித்தனியாக இருக்கும். காகிதம் சரியாக இல்லாத மாதிரியைக் கட்டுரையில் பயன்படுத்த முடியாமல் போகும். ஓர் உயிரைச் செதுக்கி எடுத்துவிட்டு அதைப் பயனில்லாமல் ஆக்குவது எனக்குப் பொறுக்காது. அதே போல, ஒரு மரத்தில் ஒரே ஒரு திட்டுதான் இருக்கிறதென்றால் முழுசாக எடுக்க மாட்டேன். இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். மிச்சம் மரத்திலேயே இருக்கட்டும்.

47-ஐ எடுத்த நாளில் என்னிடம் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும், ஒரு கத்தியும், படங்கள் நிறைந்த ஒரு கையேடும் மட்டும் இருந்தன. கையேடு மிதவெப்பநாடுகளுக்கானது. அதில் கறுப்புக் கோடுகளோடு ஒரு படம் அப்படியே பொருந்தியது. 'கிராஃபிஸ் ஸ்கிரிப்டா' என்று முதல் சீட்டை எழுதினேன். எழுத்து போல இருப்பதால் அந்தப் பெயர். லின்னேயஸ் 1753-இல் லைக்கன்களை எல்லாம் 'லைக்கென்' என்ற ஒரே பேரினத்தில் போட்டபோதே இது அதில் இருந்தது. அவ்வளவு பழைய, அவ்வளவு பிரபலமான பெயர். அந்தப் பிரபலம்தான் சிக்கலே. கோடு போட்ட வெள்ளை ஓட்டை எங்கே பார்த்தாலும் இந்தப் பெயரை எழுதிவிடுவார்கள். நானும் எழுதினேன். அது குளிர் நாடுகளின் லைக்கன். என் தீவில் இருக்க வாய்ப்பே குறைவு.

அந்தப் பயணத்திலேயே பெரிய இழப்பு ஒன்றும் நடந்தது. மழை விடாமல் பெய்தது. பொட்டலங்கள் நனையக் கூடாதே என்று முப்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது உள்ளே வெள்ளைப் பூசணம் பஞ்சு போல நின்றது. ஈரத்தோடு இருந்த லைக்கன்களை அது மூடிவிட்டது. 47 வேறு பையில் இருந்ததால் பிழைத்தது. அன்றிலிருந்து பிளாஸ்டிக்கைத் தொடுவதில்லை. காகிதப் பொட்டலம்தான். அன்றன்றைக்கே விரித்து, விசிறிக் காற்றில் உலர்த்திவிடுவேன். இலைமேல் வளர்பவற்றைச் செய்தித்தாளுக்குள் அழுத்தி வைத்துத் தாளைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இலை சுருண்டு லைக்கன் உதிரும். நன்றாகக் காய்ந்ததும், சேகரிப்போடு சேர்ப்பதற்கு முன் ஒரு வாரம் ஃப்ரீசரில், மைனஸ் 20 டிகிரியில். பூச்சிகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான மருந்து இல்லை.

குறிப்பு எழுதுவதிலும் நான் கஞ்சத்தனம் செய்திருந்தேன். இடம், தேதி, 'மரத்தில்' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த மரம்? பட்டை வழவழப்பா, சொரசொரப்பா? வெயிலா, நிழலா? தரையிலிருந்து எவ்வளவு உயரம்? கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர்? அந்த இடத்தில் நிற்கும்போது அரை நிமிடத்தில் எழுதக் கூடியவை. ஆறு மாதம் கழித்து எத்தனை மணி நேரம் யோசித்தாலும் திரும்பி வராதவை. நிறத்தையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். நனைந்தபோது பச்சையாக இருந்தது பெட்டிக்குள் சாம்பலாகிவிடும்.

களத்தில் நான் செய்யும் ஒரு சின்னக் காரியம் உண்டு. பொழுது போகாமல் செய்வது போலத் தெரியும், ஆனால் நிறையச் சொல்லும். ஓட்டின் ஓரத்தை நகத்தால் லேசாகக் கீறுவேன். சிலவற்றில் புல் பச்சை தெரியும். சிலவற்றில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பளிச்சென்று வரும். அந்த ஆரஞ்சு, டிரென்டிபோலியா என்ற பாசி. பச்சைப்பாசி வகைதான், ஆனால் உள்ளே கரோட்டின் நிறமி சேர்ந்து பச்சையை மறைத்துவிடும். வெப்பமண்டலக் காடுகளின் ஓட்டு லைக்கன்களில் இது மிக அதிகம். 47-ஐக் கீறியபோதும் ஆரஞ்சுதான் வந்தது. ஒரு கீறலிலேயே பாதிக் குடும்பங்களை விலக்கிவிடலாம். நனைத்ததும் கருநீல ஜெல்லி போல உப்பினால் உள்ளே நாஸ்டாக் என்ற சயனோபாக்டீரியா, லெப்டோஜியம் பக்கம் போகலாம்.

புற ஊதா விளக்கை நான் வாங்கியது தாமதமாகத்தான். 365 நானோமீட்டர் அலைநீளம் தரும் சின்ன டார்ச். ஒரு மாலை, இருட்டத் தொடங்கும் நேரம். தென்னை மரம் ஒன்றில் சாம்பல் நிற இலை வடிவ லைக்கன் இரண்டு திட்டுகள் அருகருகே இருந்தன. பகலில் அவற்றை ஒன்று என்றே நினைத்திருந்தேன். அளவு ஒன்று, நிறம் ஒன்று, நடுவில் மாவு போன்ற சோரீடியாவும் இரண்டிலும் உண்டு. டார்ச்சை அடித்ததும் ஒன்று மங்கலாக அப்படியே கிடந்தது. மற்றொன்று எலுமிச்சை மஞ்சளில் எரிவது போல ஒளிர்ந்தது. ஒளிர்ந்தது பிக்ஸினே கோகோஸ். அதன் மேல்தோலில் லைக்கெக்ஸாந்தோன் என்ற பொருள் இருக்கிறது. ஒளிராதது டிரினாரியா. வீட்டுக்கு வந்து இரண்டையும் புரட்டிப் பார்த்தேன். பிக்ஸினேயின் அடியில் வேர் போன்ற ரைசின்கள் இருந்தன. டிரினாரியாவுக்கு அவை இல்லை. அதுவரை நான் 'டிரினாரியா' என்று எழுதிய அத்தனை பொட்டலங்களையும் அன்றிரவே எடுத்து டார்ச் அடித்தேன். நான்கில் ஒன்று ஒளிர்ந்தது. அந்த டார்ச்சை வெறும் கண்ணோடு பார்க்காதீர்கள், அதற்கான கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வேதிச் சோதனைகளுக்கு வருகிறேன். வில்லியம் நைலாண்டர் 1866-இல் தொடங்கி வைத்த வழி இது. கேள்வி கேள்வியாகப் பெயருக்கு அழைத்துப் போகும் திறவுகோல்கள் எல்லாவற்றிலும் இன்றும் கே, சி, பி என்ற எழுத்துகள் வரும். கே என்பது 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. சி என்பது சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது துணி வெளுக்கும் பிளீச். பி என்பது பாரா ஃபீனிலீன் டையமீன். கடைசியாகச் சொன்னது நச்சு. தோலில் படக் கூடாது, மூச்சில் போகக் கூடாது, பட்ட இடமெல்லாம் கறையாகும். அதைச் சோடியம் சல்ஃபைட்டும் ஒரு சொட்டு சோப்புத் திரவமும் சேர்த்து நீரில் கலந்து ஸ்டைனர் கரைசலாக வைத்துக்கொண்டால் சில வாரங்கள் கெடாது, கையாளவும் எளிது. எந்தச் சோதனையையும் மாதிரியின்மேல் நேரடியாகச் செய்யாதீர்கள். ஊசி முனையளவு துண்டு எடுத்து வடிகட்டும் தாளில் வைத்துச் செய்யுங்கள். மாதிரி உங்களுக்குப் பிறகு வருபவருக்கும் வேண்டும்.

பிளீச்சால் நான் அடி வாங்கினேன். தீவின் வெக்கையில் அது சீக்கிரம் வீரியம் இழக்கும். பாட்டில் தெளிவாக, வாசனையோடு இருந்தது, நம்பினேன். இரண்டு வாரம் எல்லா மாதிரிக்கும் 'சி: மாற்றமில்லை' என்று எழுதிக்கொண்டே போனேன். ஒருநாள் கரையோரத்தில் ரோசெல்லா கிடைத்தது. சி பட்டதும் சிவக்க வேண்டிய பேரினம் அது, அதில் சாயமே எடுப்பார்கள். சொட்டு விட்டேன், ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு திக்கென்றது. புதுப் பாட்டில் திறந்து விட்டேன், ரத்தச் சிவப்பு. இரண்டு வாரத்துச் சோதனைகளையும் மறுபடி செய்தேன். இப்போது அந்த ரோசெல்லாவின் சிறு துண்டுகள் ஒரு டப்பாவில் எப்போதும் என்னோடு இருக்கும். ஒவ்வொரு காலையும் முதல் சொட்டு அதற்குத்தான். அது சிவந்தால்தான் அன்றைய வேலை தொடங்கும்.

47-இல் கே மஞ்சளாகித் தொடங்கி மெல்லச் சிவந்தது. அப்படி வந்தால் மெல்லிய வெட்டொன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கே விட்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். முதல் முறை பார்த்தபோது நான் கண்ணை எடுக்கவே இல்லை. மஞ்சள் திரவம் வெட்டிலிருந்து கசிந்தது. அதன் ஓரத்தில் மயிரிழை போல ஒரு சிவப்பு ஊசி முளைத்தது. பக்கத்தில் இன்னொன்று. சில நிமிடங்களில் குத்துக் குத்தாகச் சிவப்பு ஊசிக் கொத்துகள். நார்ஸ்டிக்டிக் அமிலத்தின் அடையாளம் அது. கிராஃபிஸ் ஸ்கிரிப்டாவில் அது இருக்காது. முதல் சீட்டு அத்தோடு செத்தது.

சொட்டுச் சோதனை எல்லாவற்றுக்கும் போதாது. ஸ்போர் உண்டாக்கும் கனியுடலே இல்லாமல் வெறும் மாவாகப் பரவும் ஓடுகளுக்கு மெல்லடுக்கு வண்ணப்பிரிகைதான் கதி. அசிட்டோனில் ஊறவைத்த சாற்றைத் தகட்டில் புள்ளி வைத்து, கரைப்பானில் ஏறவிட்டு, கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கினால் பொருள்கள் நிறப்புள்ளிகளாக எழும். அட்ரனோரினும் நார்ஸ்டிக்டிக் அமிலமும் அதே தகட்டில் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகம் ஏதாவது இடம் தந்தால்தான் இது முடியும், அமிலத்தோடு வீட்டில் விளையாட வேண்டாம்.

இரண்டாம் சீட்டு ஸ்போரால் வந்த பிழை. கறுப்புக் கோடுகள் இந்த லைக்கனின் கனியுடல்கள், லிரெல்லா என்பார்கள். நசுக்கிப் பார்த்தேன். பழுப்பு நிற ஸ்போர்கள் மிதந்தன. பழுப்பு என்றால் ஃபேயோகிராஃபிஸ். எழுதி ஒட்டினேன். பெருமையாக எனக்குக் கற்றுத் தந்த அம்மையாரிடம் காட்டினேன். பல ஆண்டுகளாக இந்தக் கோட்டு லைக்கன் குடும்பத்தையே பார்ப்பவர். மைக்ரோஸ்கோப்பை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இந்த பழுப்பு ஸ்போர் பைக்குள்ள இருக்கா, வெளிய இருக்கா?"

"வெளியதாம்மா இருக்கு."

"அப்ப அது கிழடாகிச் செத்தது. பைக்குள்ள இருக்கிறத தேடுங்க."

தேடினேன். ஸ்போர் உருவாகும் ஆஸ்கஸ் பைகளுக்குள் எட்டு எட்டாக, நிறமற்ற, குறுக்குத் தடுப்புகளோடு, கண்ணாடி மணி கோத்தது போல ஸ்போர்கள். அயோடின் விட்டதும் ஊதா கலந்த நீலமாயின. கிராஃபிஸ்தான். முதிர்ந்து உதிர்ந்த ஸ்போர் பழுப்பாகிச் சுருங்கும். இளம் ஸ்போரோ அளவில் ஏமாற்றும். பைக்குள் இருக்கும் நல்ல ஸ்போர்கள் இருபதையாவது அளக்காமல் இப்போது நான் எண் எழுதுவதில்லை.

ஒரு காலத்தில் இந்தக் குடும்பத்தின் பேரினங்களையே ஸ்போரை வைத்துத்தான் பிரித்தார்கள். நிறமற்றது, குறுக்குத் தடுப்பு மட்டும் உள்ளது கிராஃபிஸ். நிறமற்றது, செங்கல் அடுக்கியது போல இரு பக்கமும் தடுப்பு உள்ளது கிராஃபினா. பழுப்பில் அதே போல ஃபேயோகிராஃபிஸ், ஃபேயோகிராஃபினா. நான்கு பெட்டி, எல்லாம் ஒழுங்கு. 2002-இல் பெட்டினா ஸ்டைகர் கனியுடலின் சுவர், ஸ்போரின் அமைப்பு, வேதிப்பொருள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அந்தப் பெட்டிகளைக் கலைத்தார். மூலக்கூறு ஆய்வுகளும் அந்தத் திசையில்தான் போயின. அதனால் பழைய தீவுப் பட்டியல்களில் கிராஃபினா என்று வருவது இன்று எந்தப் பேரினத்திலும் இருக்கலாம். பழைய பெயரைக் கண்டால் தூக்கிப் போடாதீர்கள், அப்படியே நம்பவும் செய்யாதீர்கள். இன்டெக்ஸ் ஃபங்கோரம், மைகோபேங்க் போன்ற பெயர்த் தளங்களில் அது இப்போது எங்கே போயிருக்கிறது என்று தேடுங்கள்.

மூன்றாம் சீட்டு 'கிராஃபிஸ், சிற்றினம் தெரியவில்லை'. அது சரியான சீட்டு. நான் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்க மனமில்லை. கிராஃபிஸ் பேரினத்துக்கு 2009-இல் உலகளாவிய திறவுகோல் ஒன்று வெளியானது. 330 சிற்றினங்கள். அதைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கினேன். கனியுடல் சுவர் முழுக்கக் கரியாகியிருக்கிறதா, பக்கங்களில் மட்டுமா? கோட்டின் இரு ஓரத்து உதடு வழவழப்பா, வரிவரியா? பைகள் நிற்கும் ஹைமீனியம் அடுக்கு தெளிவா, எண்ணெய்த் துளிகள் நிறைந்ததா? நார்ஸ்டிக்டிக் உண்டா? கடைசிப் படியில் ஒரு பெயர் நின்றது. வேறொரு கண்டத்திலிருந்து விவரிக்கப்பட்ட சிற்றினம். நான்காம் சீட்டு ஒட்டியாயிற்று.

திறவுகோலின் குணம் இது. உங்கள் லைக்கன் அதில் இல்லாவிட்டாலும் அது உங்களைத் திருப்பி அனுப்பாது. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் கடைசியில் ஏதோ ஒரு பெயர் வந்தே தீரும். வந்த பெயரின் முழு விவரிப்பை எடுத்துப் படிக்க வேண்டும். முடிந்தால் வகை மாதிரியைப் பார்க்க வேண்டும். அந்தப் பெயர் முதலில் எந்த ஒரு துண்டுக்கு வைக்கப்பட்டதோ அதுதான் வகை மாதிரி. உலர்ந்த மாதிரிகளைச் சேமித்து வைக்கும் உலர்தாவரகங்கள் பல இப்போது அவற்றின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. நான் பார்த்த படத்தில் கோடுகள் என்னுடையதைவிடத் தடிப்பாக, கிளைகள் குறைவாக இருந்தன. மனம் உறுத்தியது. அம்மையாரிடம் மறுபடி போனேன்.

"லிரெல்லாவ எங்க வெட்டினீங்க?"

யோசித்தேன். வெட்ட வசதியாக இருந்த நுனியில் வெட்டியிருந்தேன். நுனியில் வெட்டினால் ஓரச் சுவரே குறுக்கே வந்து, அடிப்பகுதியும் கரியாகி மூடியிருப்பது போலத் தெரியும். ஈரப்படுத்தி, புது பிளேடால், கோட்டின் நடுவில் குறுக்காக வெட்டினேன். பக்கங்கள் கறுப்பு, அடி திறந்து வெளிறிக் கிடந்தது. திறவுகோலின் முதல் சில கேள்விகளிலேயே தவறான பக்கம் திரும்பியிருக்கிறேன். சரியான பக்கம் போய்ப் பார்த்தபோது எந்தப் பெயரும் முழுசாகப் பொருந்தவில்லை. ஸ்போர் பொருந்தினால் உதடு பொருந்தவில்லை, உதடு பொருந்தினால் அமிலம் இல்லை.

'அப்படியானால் இது புதுச் சிற்றினம்' என்று மனம் துள்ளும். தீவில் வேலை செய்பவருக்கு இந்த ஆசை இரண்டு மடங்கு. தீவு என்றாலே அங்கே மட்டும் வாழ்பவை இருக்கும் என்று படித்திருக்கிறோமே. ஆனால் லைக்கன்கள் அவ்வளவு எளிதில் தீவுக்குள் அடைபடுவதில்லை. மாவு போன்ற சோரீடியாவோ சிறு முளைகள் போன்ற இசிடியாவோ வைத்திருப்பவை பூஞ்சையையும் பாசியையும் ஒன்றாகவே காற்றில் அனுப்புகின்றன. இறங்கிய இடத்தில் வாழ்க்கையைத் தொடங்கிவிடலாம். ஸ்போரால் பரவுபவை இறங்கிய இடத்தில் பாசியைத் தேட வேண்டும், ஆனால் டிரென்டிபோலியா வெப்பமண்டலத்தில் எங்கே இல்லை? அதனால் என் தீவின் 'புதுமை' நூறாண்டுக்கு முன்பே வேறொரு கடற்கரையில் பெயர் வாங்கி, யாரும் திறக்காத பொட்டலமாக ஓர் அலமாரியில் கிடக்கலாம்.

எதிர்ப்பக்கப் பிழையும் அதே அளவு நடக்கிறது. எங்கும் இருப்பதாக நினைத்த ஒரு பெயருக்குள் பல சிற்றினங்கள் மறைந்திருக்கும். கோராவின் கதை இதற்குச் சாட்சி. விசிறி போல மடல் விரிக்கும் அழகான லைக்கன் அது. நீண்ட காலம் அமெரிக்க வெப்பமண்டலம் முழுவதிலும் ஒரே சிற்றினம் என்றே எண்ணினார்கள். 2014-இல் வந்த மூலக்கூறு ஆய்வு அதற்குள் 126 சிற்றினங்களைப் பிரித்துக் காட்டியது, 400-க்கு மேல் இருக்கலாம் என்று கணித்தது. கலாபகஸ் தீவுகளின் கோராவும் அப்படித் தனிப் பெயர் பெற்ற ஒன்று. ஊரறிந்த பெயரை ஒட்டி வைத்ததால் யாருமே திரும்பிப் பார்க்காத லைக்கன்கள் எத்தனை தீவுகளில் இருக்கும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அழிந்தால்கூட, 'அது எங்கும் இருப்பதுதானே' என்று கணக்கில் வராமல் போய்விடும்.

டிஎன்ஏ பார்த்தால் தீர்ந்துவிடாதா என்று எல்லாரும் கேட்பார்கள். பார்த்தேன். 47 பழையதாகிவிட்டதால் முதல் முறை வந்த வரிசை ஒரு சாதாரணப் பூசணத்துடையது. ஓட்டு லைக்கன்களில் மற்றப் பூஞ்சைகள் ஒட்டுண்ணியாகவும் விருந்தாளியாகவும் வாழும், ஒரு பெரிய துண்டை அரைத்தால் யாருடைய டிஎன்ஏ வருமென்று சொல்ல முடியாது. புதிய மாதிரி வேண்டியிருந்தது. மறுபடி அந்தத் தீவுக்குப் போனேன். முதல் பயணத்தில் இடக்குறிப்பை மட்டும் ஒழுங்காக எழுதியிருந்ததால் மரத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. என் கத்தி செதுக்கிய தடம் பட்டையில் இன்னும் ஆறாமல் இருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளை ஓடு அப்படியே, கோடுகளோடு. கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இந்த முறை சுத்தமான கனியுடல்களை மட்டும் ஊசியால் பிரித்தெடுத்தோம். வரிசை கிடைத்தது. கிராஃபிஸ் பேரினத்துக்குள் தெளிவாக விழுந்தது. ஆனால் தரவுத்தளத்தில் அதற்கு மிக நெருக்கமாக ஒன்றும் இல்லை. இதற்கு 'புதியது' என்று அர்த்தமில்லை. பெயரிடப்பட்ட கிராஃபிஸ் சிற்றினங்கள் பலவற்றின் வரிசையை யாரும் எடுத்ததே இல்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு மரத்தின் ஒரே ஒரு லைக்கனை வைத்துப் புதுப் பெயர் வெளியிடவும் எனக்குச் சம்மதமில்லை. விதிப்படி முடியும். ஆங்கிலத்திலோ லத்தீனிலோ வேறுபாட்டைச் சொல்லி, வகை மாதிரியை உலர்தாவரகத்தில் வைத்து, பூஞ்சைப் பெயர்களுக்கு 2013 முதல் கட்டாயமாகியிருக்கும் பதிவெண்ணையும் வாங்கிவிட்டால் பெயர் செல்லும். ஆனால் அந்தச் சிற்றினத்துக்குள் எவ்வளவு வேறுபாடு உண்டு, கோடு எவ்வளவு தடிக்கும், ஸ்போர் எவ்வளவு நீளும் என்பதை ஒரே துண்டு சொல்லாது. பின்னால் வருபவர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு திண்டாடுவார்.

ஐந்தாம் சீட்டில் இப்படி இருக்கிறது: 'கிராஃபிஸ், சிற்றினம் தெரியவில்லை. சுவர் பக்கங்களில் மட்டும் கரி. உதடு வழவழப்பு. ஸ்போர் நிறமற்றது, எட்டு, அயோடினில் ஊதா. நார்ஸ்டிக்டிக் உண்டு. நடுவில் வெட்டியது.' கடைசி இரண்டு சொற்களை அடிக்கோடிட்டிருக்கிறேன். பழைய நான்கு சீட்டுகளையும் கிழிக்கவில்லை. உலர்தாவரகத்தில் அப்படித்தான் வழக்கம், முந்தைய விடையின்மேல் புதிய விடை ஒட்டாமல் பக்கத்தில் ஒட்டுவார்கள். யார் எப்போது எதனால் எப்படி நினைத்தார் என்பதும் தகவல்தானே.

போன வாரம் ஒரு நண்பர் பொட்டலம் அனுப்பியிருந்தார். பல நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தீவு. வழவழப்பான பட்டை, சாம்பல் கலந்த வெள்ளை ஓடு, பிரிந்து வளையும் கறுப்புக் கோடுகள். ஓரத்தைக் கீறினேன், ஆரஞ்சு. துணுக்கில் கே விட்டேன், மஞ்சளாகிச் சிவந்தது. இரண்டு பொட்டலங்களும் இப்போது மேசைமேல் அருகருகே இருக்கின்றன. ஒரு லிரெல்லாவை நனைத்து வைத்திருக்கிறேன், புது பிளேடும் பிரித்தாயிற்று. நடுவில் வெட்ட வேண்டும்.